நின்றால் கொதிக்கிறதா, ஓடினால் கொதிக்கிறதா?

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மிஷிகனின் நோவையிலிருந்து தம்பி ஒருவர் கூப்பிட்டார். கோவைக்காரர். டெட்ராய்ட் பக்கம் கார் தொழிலில் இருக்கும் ஏராளமான தமிழர்களில் அவரும் ஒருவர். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் 1967 பான்டியாக் ஜிடிஓ ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார்.

"ண்ணா, சிக்னல்ல அஞ்சு நிமிசம் நின்னா முள்ளு ஏறீருதுங்க. ரேடியேட்டர், ஃபேன், பம்ப் மூணையும் ஒரே அடியா மாத்தீரலாம்னு இருக்கறனுங்க. சரியா வருமுங்களா?"

ஆன்லைன் கடையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார். அலுமினிய ரேடியேட்டர், இரட்டை எலெக்ட்ரிக் ஃபேன், அதிகத் தண்ணீர் தள்ளும் என்று விளம்பரம் செய்யப்படும் பம்ப். மொத்தம் 1,400 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தில் வண்டியை ஓட்டியாக வேண்டும் என்பது அவர் கனவு. பணம் கட்டும் பட்டனை மட்டும் அமுக்காதே தம்பி, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த ஒரு வேலையை ஒட்டித்தான் இந்த ஒப்பீடு. பழைய வி8, அதாவது எட்டு சிலிண்டர் வண்டி சூடேறினால் முன்னால் இருக்கும் வழிகள் என்னென்ன, எதற்கு எப்போது பணம் போடலாம், எதற்குப் போடவே கூடாது என்று என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உட்வர்ட் அவென்யூ டெட்ராய்ட் நகரின் நடுவிலிருந்து பான்டியாக் ஊர்வரை போகும் சாலை. ஜிடிஓ பிறந்த ஊரே அந்தப் பான்டியாக்தான். 1995 முதல் ஆகஸ்ட் மாத மூன்றாவது சனிக்கிழமையில் அந்தச் சாலையில் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்ந்து போகின்றன. அந்தக் காலத்தில் இரவில் ரேஸ் விட்ட அதே சாலையில் இன்று நடக்கும் வேகத்தில்தான் போக முடியும். மணிக்கணக்காக ஐட்லிங் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடுவது), முன்னும் பின்னும் சூடான வண்டிகள், கீழே கொதிக்கும் தார். ஒரு எஞ்சினின் குளிர்விப்புக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. வருடா வருடம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துவிடும். அவற்றில் பாதிக்கு மேல் பளபளக்கும் புது அலுமினிய ரேடியேட்டரோடு நிற்பவை.

முதலில் அளந்து பார்த்தோம்

முள் 230 காட்டுகிறது என்றார் தம்பி. அது பாரன்ஹீட், அதாவது 110 டிகிரி செல்சியஸ். டேஷ்போர்டுக்குக் கீழே யாரோ பிற்பாடு மாட்டிய மீட்டர் அது. தெர்மோஸ்டாட் இருக்கும் வார்ப்பின் மேல் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினேன். பளபளப்பான உலோகத்தில் நேரடியாகக் காட்டினால் குறைத்துக் காட்டும் என்பதால்தான் டேப். 104 வந்தது. உலோகத்தின் வெளிப்புறம் உள்ளே ஓடும் தண்ணீரைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவாகத்தான் இருக்கும். அதைக் கழித்தாலும் மீட்டர் நாலு டிகிரியாவது கூட்டிச் சொல்கிறது.

104 என்பது உடனே பயப்படவேண்டிய எண் அல்ல. தண்ணீரும் உறையாமல் காக்கும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டரின் 15 பவுண்டு அழுத்த மூடி ஒழுங்காக அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 129 டிகிரிவரை கொதிக்காது. அந்த மூடியின் ரப்பர் காய்ந்து போனாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ இந்த 22 டிகிரிப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். இருபது டாலருக்குள் வரும் மூடியை முதலில் மாற்றிவிடுங்கள். அதைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டாம்.

பிரச்சினை அந்த 104 அல்ல, அது அங்கே நிற்காமல் ஏறிக்கொண்டே போனதுதான். அப்போதுதான் தம்பியிடம் நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். நின்றால் சூடாகிறதா, ஓடினால் சூடாகிறதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு நட்டுகூட வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிற்கும்போது எஞ்சின் எரிக்கும் பெட்ரோல் கொஞ்சம்தான், வெளியேற்ற வேண்டிய சூடும் கொஞ்சம்தான். ஆனால் முன்னாலிருந்து காற்று வருவதில்லை. அப்போது சூடேறினால் காற்றுதான் குறை. ஃபேன், ஃபேனைச் சுற்றி இருக்கவேண்டிய ஷ்ரவுட் என்ற கூண்டு, ஐட்லிங்கில் டைமிங் (ஸ்பார்க் பற்றும் நேரம்), இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும். ஹைவேயில் 110 கிலோமீட்டரில் போகும்போது ஃபேனே இல்லாவிட்டாலும் காற்று வேண்டிய அளவு வரும். அங்கே சூடேறினால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது, அல்லது பம்ப் உறிஞ்சும் கீழ் ஹோஸ் வேகத்தில் சப்பிப்போகிறது, அல்லது கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைத்து விடுகிறது. முதல் நோய்க்கு இரண்டாவதன் மருந்தைக் கொடுத்தால் பணம் மட்டும்தான் போகும்.

தம்பியின் வண்டி நின்றால் வேகமாக ஏறியது. ஐ-96 ஹைவேயில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்ததில் மெதுவாக 98 வரை போய் அங்கேயே நின்றது. ஆக, பெரிய குறை காற்றில், சின்னக் குறை தண்ணீரில்.

காசில்லாத வழி: டைமிங்

பழைய வண்டிக்காரர்கள் கடைசியாகப் பார்ப்பது இதைத்தான். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

1967 ஜிடிஓவின் சாதாரண 400 கன அங்குல எஞ்சினுக்குக் கம்ப்ரெஷன் விகிதம் 10.75. 6.6 லிட்டர், 335 குதிரைத்திறன். அந்தக் காலத்து ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோலுக்காகச் செய்தது. இன்றைய பெட்ரோலில் சிக்கனம் பார்த்து 87 ஆக்டேன் போட்டால் நாக்கிங், அதாவது எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் வரும். சத்தத்தை நிறுத்த ஒரு சுலபமான வழி, சிலிண்டர்களுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஸ்பார்க்கைத் தாமதமாக்குவது. முந்தைய உரிமையாளர்களில் யாரோ ஒருவர் அதைச் செய்திருப்பார், சத்தம் நின்றிருக்கும், விற்றுவிட்டுப் போயிருப்பார். ஆனால் தாமதமாகப் பற்றும் நெருப்பு பிஸ்டனை முழுதாகத் தள்ளி முடிப்பதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். சக்கரத்துக்குப் போகவேண்டிய சக்தி சூடாக ஹெட்டின் எக்ஸாஸ்ட் வழிகளில் இறங்கும். அந்த வழிகளைச் சுற்றித்தான் கூலண்ட் ஓடுகிறது. ரேடியேட்டர் சுமக்கவேண்டிய பாரம் இப்படி வீணாகக் கூடிப்போகிறது.

தம்பி டைமிங் லைட் வைத்துப் பார்த்து "ஆறு டிகிரி சரியா இருக்குங்கண்ணா" என்றார். கம்பெனி சொன்ன எண்ணும் 6 டிகிரிதான். இது சூடு அல்ல, சுழற்சிக் கோணம்: பிஸ்டன் உச்சிக்கு வர 6 டிகிரி இருக்கும்போதே ஸ்பார்க் பற்ற வேண்டும். ஆனால் அந்தக் குறி எழுதப்பட்டிருப்பது கிராங்கின் முன்னால் உள்ள ஹார்மோனிக் பேலன்ஸர் என்ற அதிர்வடக்கும் சக்கரத்தின் வெளி வளையத்தில். உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர். அரை நூற்றாண்டைத் தாண்டிய ரப்பர் பிடிப்பை விட்டால் வெளி வளையம் நகர்ந்துவிடும், குறியும் கூடவே நகர்ந்துவிடும். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் ஸ்டாப் என்ற சின்னக் கருவியைத் திருகி, எஞ்சினைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பி பிஸ்டனின் உச்சி எங்கே என்று கண்டுபிடித்தோம். குறி 8 டிகிரி தள்ளி இருந்தது. வண்டி உண்மையில் உச்சிக்கு 2 டிகிரி பின்னால் பற்றிக்கொண்டிருந்தது!

இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சின் உறிஞ்சும் விசையால் ஸ்பார்க்கை முன்கூட்டியே பற்றவைப்பது) ஹோஸை யாரோ கழற்றி, முனையில் ஒரு திருகாணியைச் செருகி அடைத்து வைத்திருந்தார்கள். இது அமெரிக்காவில் எந்தப் பழைய வண்டியிலும் காணக்கூடிய காட்சி. அந்த ஹோஸை இன்டேக் மேனிஃபோல்டின் முழு வேக்குவத்தில் மாட்டினால் ஐட்லிங்கில் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதல் அட்வான்ஸ் கிடைக்கும். ஐட்லிங்கில் கலவை மெதுவாக எரியும், அதனால் சீக்கிரம் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. 1960களின் கடைசியில் புகைச் சட்டங்களுக்காக கம்பெனிகள் ஐட்லிங்கில் ஸ்பார்க்கைத் தாமதமாக்கத் தொடங்கின. அதே கம்பெனிகள், எஞ்சின் ரொம்பச் சூடானால் முழு வேக்குவத்தைத் தானாகத் திறந்துவிடும் ஒரு வெப்ப வால்வையும் பல மாடல்களில் வைத்தன. தாமத ஸ்பார்க் சூடேற்றும் என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

புதுக் குறி போட்டு, 93 ஆக்டேன் ஊற்றி, ஆரம்ப டைமிங்கை உண்மையான 6க்குக் கொண்டுவந்து, மொத்த அட்வான்ஸை 32ல் நிறுத்தினோம். பலர் 34, 36 வரை போவார்கள். வார்ப்பிரும்பு ஹெட்டும் 10.75 கம்ப்ரெஷனும் இருக்கும்போது இன்றைய பெட்ரோலை நம்பி அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. வேக்குவம் ஹோஸையும் மாட்டினோம். ஐட்லிங் தானாக ஏறியது, திருகிக் குறைத்தோம். அதே தெருவில், அதே வெயிலில், இருபது நிமிட ஐட்லிங்கில் 104க்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது 100ல் நின்றது. பிஸ்டன் ஸ்டாப்புக்கு ஆன சில டாலர் மட்டும்தான் செலவு.

இது முழுத் தீர்வு அல்ல. ஆனால் இதைச் செய்யாமல் 600 டாலர் ரேடியேட்டர் மாட்டியிருந்தால், அது அந்த வீண் சூட்டைத்தான் வாழ்நாள் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கும்.

பான்டியாக் எஞ்சினுக்கு மட்டுமே உள்ள ஒரு தகடு

செவ்ரோலெட், ஃபோர்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பான்டியாக் வி8 வைத்திருப்பவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப் டைமிங் கவரின் மேல் உட்காருகிறது. பம்பில் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லருக்குப் பின்னால், கவருக்குள், தண்ணீர் வரும் பாதையையும் போகும் பாதையையும் பிரிக்கும் ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. இம்பெல்லர் இந்தத் தகட்டை ஒட்டிச் சுற்றினால்தான் தண்ணீர் எஞ்சினுக்குள் தள்ளப்படும். இடைவெளி கூடினால் தண்ணீர் கவருக்குள்ளேயே வட்டமடிக்கும். புதிதாக வந்தபோது எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. காலப்போக்கில் தகடு துருப்பிடித்து ஓட்டை விழும், அல்லது வேறொரு ஆழத்தில் இம்பெல்லர் உட்காரும் மாற்றுப் பம்ப் ஒன்றை யாராவது மாட்டியிருப்பார்கள்.

தம்பியின் வண்டியில் பம்பைக் கழற்றினோம். அழுத்திய தகரத்தில் செய்த இம்பெல்லர் கொண்ட மாற்றுப் பம்ப். களிமண் உருண்டையைத் தகட்டில் ஒட்டி, பம்பை மாட்டிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணை அளந்தால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. தகட்டின் ஓரம் அரித்து நூல் நூலாகியிருந்தது. புதுத் தகடு வாங்கி, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டி, எந்த இடத்திலும் முட்டாமல் இடைவெளியை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். வார்ப்பிரும்பு இம்பெல்லர் உள்ள பம்பைத் தேடி மாட்டினோம். வாங்கும்போது ஆண்டைக் கவனியுங்கள். 1967க்கு 8 போல்ட் பம்ப். 1969 முதல் வந்த 11 போல்ட் பம்ப் இதில் உட்காராது.

அதிகத் தண்ணீர் தள்ளும் என்ற பெயரில் விற்கும் விலையுயர்ந்த பம்பை இதோடு ஒப்பிட்டால், நான் தகட்டைத்தான் எடுப்பேன். இடைவெளி ஐந்து மில்லிமீட்டர் இருக்கும்போது எவ்வளவு நல்ல பம்பும் தண்ணீரைக் கவருக்குள்ளேயே கலக்கிக்கொண்டிருக்கும்.

கைபோடும்போதே பிளாக்கின் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் பிளக்குகளைக் கழற்றினோம். ஒன்றில் தண்ணீரே வரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தித் துருச் சேற்றை வெளியே எடுத்த பிறகுதான் ஒழுகியது. ரேடியேட்டரை மட்டும் கழுவிவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் நிறைய.

இதற்குப் பிறகு ஹைவேயில் 98 என்பது 91க்கு இறங்கி அசையாமல் நின்றது. ஐட்லிங்கில் பெரிய மாற்றம் இல்லை, 99. எதிர்பார்த்ததுதான். தண்ணீர்க் குறை தீர்ந்தது, காற்றுக் குறை அப்படியே இருந்தது.

ஃபேன்: மூன்று வழி, ஒரு தேர்வு

தம்பியின் வண்டியில் இருந்தது ஃப்ளெக்ஸ் ஃபேன். மெல்லிய தகடு இறக்கைகள், வேகம் கூடினால் தட்டையாகிவிடும். ஷ்ரவுட் இல்லை. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. அந்த அமைப்பில் ஃபேன் பின்னால் இருக்கும் சூடான காற்றையே இழுத்துச் சுழற்றிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது. ஃப்ளெக்ஸ் ஃபேனை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பழையதாகும்போது இறக்கையில் விரிசல் விட்டுப் பறந்த கதைகள் உண்டு. இறக்கை பறந்தால் பானெட்டும் போகும், பக்கத்தில் நிற்பவர் கையும் போகும்.

மீதி இருப்பது இரண்டு: கம்பெனி பாணியில் வெப்பக் கிளட்ச் வைத்த ஃபேனும் ஷ்ரவுடும், அல்லது எலெக்ட்ரிக் ஃபேன்.

எலெக்ட்ரிக் ஃபேனுக்கு உண்மையான ஒரு பலம் இருக்கிறது. எஞ்சின் 700 ஆர்பிஎம்மில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது முழு வேகத்தில் காற்றை இழுக்கும். உட்வர்ட் போன்ற ஊர்வலத்துக்கு இதுதான் சரி என்று தோன்றுவது இயல்பு. தம்பியின் வாதமும் அதுவே. ஆனால் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1967ல் ஏசி இல்லாத வண்டிக்கு வந்த ஆல்டர்னேட்டர் 37 ஆம்பியர். அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது. ஐட்லிங்கில் அதைவிட மிகக் குறைவாகவே தரும். நல்ல இரட்டை ஃபேன் மட்டும் 30 ஆம்பியர் கேட்கும், ஓடத் தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம். இக்னிஷனும் ஹெட்லைட்டும் சேர்ந்தால் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எந்த ஐட்லிங்குக்காக அந்த ஃபேனை வாங்குகிறோமோ அந்த ஐட்லிங்கில்தான் பேட்டரி இறங்கும். ஆகவே பெரிய ஆல்டர்னேட்டர், அதற்குத் தடித்த சார்ஜிங் வயர், ரிலே, ஃபியூஸ், வெப்பச் சுவிட்ச் எல்லாம் வேண்டும். ஃபேனின் விலைக்கு மேல் இன்னொரு மடங்கு வேலை. அரை நூற்றாண்டு பழைய வயரிங்கில் அந்த மின்சாரத்தை நேராக இழுத்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெப்பக் கிளட்ச் ஃபேனில் ஒரு வயர்கூட இல்லை. முன்முகத்தில் சுருண்டிருக்கும் ஈருலோகச் சுருள், ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் விரிந்து உள்ளே சிலிக்கோன் எண்ணெய்க்கு வழி திறக்கும். ஃபேன் பிடித்துக்கொண்டு சுற்றும். குளிர்ந்தால் வழுக்கிவிடும், எஞ்சினின் சக்தி மிச்சம். இதன் பலவீனம், ஐட்லிங்கில் பம்பின் வேகத்துக்கு மேல் போக முடியாது. அதை ஈடுகட்டத்தான் ஷ்ரவுட். ஷ்ரவுடின் வாயில் இறக்கையின் அகலத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கவேண்டும். முழுக்க உள்ளே போனால் காற்று வெளியேற முடியாமல் முட்டும், முழுக்க வெளியே இருந்தால் ஷ்ரவுட் இருந்தும் பயனில்லை. இந்த ஓர் அளவுக்காக நாங்கள் ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்தோம். ஸ்பேசர் மாற்றி மாற்றி வைத்துச் சரி செய்தோம்.

ஏசி வைத்த வண்டிகளுக்குக் கம்பெனி போட்ட 7 இறக்கை ஃபேனின் மாதிரி ஒன்று, புதுக் கிளட்ச், மறுவார்ப்பு ஷ்ரவுட். ரேடியேட்டருக்கு மேல் பானெட் வரைக்கும் இருக்கவேண்டிய மூடு தகடு காணாமல் போயிருந்தது, அதையும் போட்டோம். அது இல்லாவிட்டால் சூடான காற்று மேல்வழியாக முன்னால் சுற்றிவந்து திரும்ப ரேடியேட்டருக்குள்ளேயே நுழையும்.

அடுத்த வாரம் 31 டிகிரி வெயில். நாற்பது நிமிட ஐட்லிங்கில் 94 வரை போனது, கிளட்ச் பிடிக்கும் அந்த உறுமல் கேட்டது, 91க்கு இறங்கியது. தம்பி அந்தச் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

ரேடியேட்டரும் மற்றவையும்

ரேடியேட்டரை ஏன் கடைசிக்குத் தள்ளினேன் என்று கேட்பீர்கள். அது மற்ற எல்லாக் குறைகளையும் மூடி மறைக்கும் என்பதால்தான்.

செம்பு பித்தளையா, அலுமினியமா என்ற வாதத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும், செம்பு 400 பங்கு கடத்தினால் அலுமினியம் சுமார் 235. ஆனால் பழைய ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் குழாய் பித்தளை, அதை ஒட்டிச் சூட்டைக் காற்றில் விடும் துடுப்புதான் செம்பு, இரண்டையும் ஒட்டுவது ஈயப்பற்று. பற்று சூட்டை மோசமாகக் கடத்தும். அலுமினியத்தில் குழாயையும் துடுப்பையும் நேரடியாகச் சேர்த்துவிடலாம். உறுதியானது என்பதால் குழாயை ஓர் அங்குல அகலத்துக்குச் செய்யலாம், பித்தளையில் பெரும்பாலும் அரை அங்குலம். அகலக் குழாய் என்றால் துடுப்போடு ஒட்டும் பரப்பு அதிகம். எடையும் குறைவு. ஆக, ஒரே இடத்தில் அதிகச் சூட்டை இறக்க வேண்டுமென்றால் நல்ல அலுமினியம்தான் வெல்லும். நாலு வரிசை செம்பு வாங்குங்கள் என்று சொல்வார்கள், வாங்காதீர்கள். ஐட்லிங்கில் காற்று குறைவாக இருக்கும்போது அவ்வளவு தடிமனை அது ஊடுருவுவதே கஷ்டம், பின்வரிசைக் குழாய்கள் ஏற்கெனவே சூடான காற்றைத்தான் பார்க்கும்.

அலுமினியத்தின் விரோதி மின்சாரக் கசிவு. எஞ்சினுக்கும் பாடிக்கும் எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் கூலண்ட் வழியாகப் போகும், ரேடியேட்டர் உள்ளிருந்தே ஊசி ஊசியாக ஓட்டை விழும். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கூலண்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முதலில் எர்த்தைச் சரி செய்யுங்கள்.

வண்டியில் ஏசி இருக்கிறது, அல்லது 455 எஞ்சின் ஏற்றியிருக்கிறீர்கள், அல்லது ஃபீனிக்ஸில் இருக்கிறீர்கள் என்றால் என் வரிசை மாறும். 2023ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 43 டிகிரிக்குக் குறையவில்லை. அங்கே டைமிங்கையும் தகட்டையும் பார்த்த கையோடு நான் அகலக் குழாய் அலுமினிய ரேடியேட்டருக்கே போவேன், கிளட்ச் ஃபேனோடு. ஆட்டோமேட்டிக் கியர் இருந்தால் அந்த எண்ணெய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்தான் குளிர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தம்பியின் வண்டியும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்தான். தனியாக ஒரு சின்ன எண்ணெய்க் கூலர் போட்டால் ரேடியேட்டரின் பாரம் குறையும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வே அல்ல. அது எஞ்சின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதைத்தான் தீர்மானிக்கிறது, மேலே எவ்வளவு போகலாம் என்பதை அல்ல. 180 பாரன்ஹீட்டுக்குப் பதில் 160 போட்டாலும் சூடேறும் வண்டி சூடேறத்தான் செய்யும், சில நிமிடம் தாமதமாக. அடியோடு கழற்றினால் பிளாக்குக்குள் அழுத்தம் குறைந்து எரியறையைச் சுற்றி நீராவிக் குமிழ் உண்டாகும். கூலண்ட் விஷயத்தில், வெறும் தண்ணீர்தான் அதிகச் சூட்டைச் சுமக்கும் என்பது உண்மை. ஒரு டிகிரிக்குக் கிலோவுக்கு 4.18 கிலோஜூல், பாதிக்குப் பாதிக் கலவைக்கு சுமார் 3.5. ஆனால் மிஷிகன் குளிர்காலத்தில் வெறும் தண்ணீரோடு நிறுத்திய பிளாக் வெடித்துவிடும். இங்கே பாதிக்குப் பாதியை விட்டு இறங்க முடியாது. அது மைனஸ் 37 வரை தாங்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் குமிழ் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. எஞ்சினில் எரிந்த புகை கலந்தால் மஞ்சளாகும். அந்த நிலையில் மேலே சொன்ன எதுவும் உதவாது. எந்தக் காரணத்துக்காகவும் சூடான எஞ்சினின் மூடியைத் திறக்காதீர்கள். 129 டிகிரிவரை அடங்கிக் கிடந்த தண்ணீர், அழுத்தம் விட்டதும் ஒரே நொடியில் ஆவியாக முகத்துக்கு வரும்.

தம்பிக்கு மொத்தம் 430 டாலர் ஆனது. ஆகஸ்டில் ஃபெர்ண்டேலில் ஏறி ராயல் ஓக், பர்மிங்ஹாம் வழியாகப் பான்டியாக் வரை நாலு மணி நேரம் ஊர்ந்தோம். 28 டிகிரி வெயில். முள்ளின் நாலு டிகிரிப் பொய்யைக் கழித்துப் பார்த்தால் 96க்கு மேல் ஒருமுறைகூடப் போகவில்லை. பர்மிங்ஹாமில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பக்கத்து வண்டியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருடையது 1966 ஜிடிஓ.

"ரேடியேட்டர் இனி வேண்டாமுங்களாண்ணா?" என்று வீடு திரும்பும்போது கேட்டார் தம்பி. பழையதன் துடுப்புகள் கீழ் வரிசையில் நசுங்கியிருக்கின்றன, தொட்டியின் ஓரத்தில் பச்சைக் கசிவும் தொடங்கிவிட்டது. இரண்டு வருடம் தாங்கலாம். வண்டியைக் கம்பெனித் தோற்றத்தில் வைத்திருக்க அவருக்கு ஆசை, ஏசி போடும் எண்ணம் இல்லை. அந்தப் பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவில் புதுக் கோர் (குழாயும் துடுப்பும் சேர்ந்த பகுதி) போடுவதுதான் அவருக்குச் சரி என்றேன். அந்த வேலை தெரிந்த கடைகள் வருடா வருடம் மூடிக்கொண்டிருக்கின்றன. இன்னும் திறந்திருக்கும் ஒன்று வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. நவம்பரில் வண்டியை மூடி வைக்கும் முன் ரேடியேட்டரைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம்.